ஒன்பதாம் வார்டில் ஒரு ஓட்டு

பிப்ரவரி 7, திங்கள்

இன்று சின்னம் ஒதுக்கினார்கள். எனக்குப் பூட்டு. சீனிராஜுக்கு அவன் கட்சிச் சின்னம். மூன்றாவது ஆள் பாத்திரக்கடை வேலுச்சாமிக்குச் சீப்பு. அவர் எதற்காக நிற்கிறார் என்று அவருக்கே தெரியாது.

நான் எதற்காக நிற்கிறேன் என்று எனக்குத் தெரியும். சீனிராஜ் தோற்க வேண்டும். வெளியில் சாக்கடை, தெருவிளக்கு என்று பேசிக்கொண்டிருக்கிறேன். இங்கே எழுதுவதற்கு என்ன.

சீனிராஜ் என் மனைவி குருவம்மாளின் தம்பி. போன தேர்தலில் கவுன்சிலர் ஆனவன், இரண்டு வருடத்துக்கு முன் பேரூராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "குடிதண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டுற கொண்டல்சாமி, செம்புக் கம்பிக்குப் பதிலா அலுமினியக் கம்பி போட்டுருக்காரு" என்று சொன்னான். அக்காள் புருஷன் என்றுகூடப் பார்க்கவில்லை. கூத்தனேரியின் தண்ணீர் மோட்டார்களைப் பதினொரு வருடம் பார்த்தவன் நான். மறுவாரமே வேலையை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவன் எல்லாம் மோட்டாரைத் திருப்பி வாங்கும்போது மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்கிறான். ஒரே ஒரு மோட்டாரை வைத்து ஒரு மனிதனின் பேரையே முடித்துவிட்டான்.

குருவம்மாளை நாளை தெருவுக்கு என்னோடு வரச் சொன்னேன்.

"முழங்கால் வலிக்குது. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

பிப்ரவரி 13, ஞாயிறு

மூன்று தெருவும் முடிந்தது. வீட்டுக்கு வீடு சொன்னார்கள், "ஒங்களுக்கில்லாமலா?" என்று. நோட்டில் பேர் எழுதிக்கொண்டு வருகிறேன். இருநூற்று எண்பது ஆகிவிட்டது. சுப்புத்தாய் தன் அரவை மில் வாசலில் வைத்துச் சூடம் அணைத்தே சத்தியம் செய்தாள். நான் கேட்கவில்லை. அவளாகவே செய்தாள்.

பிப்ரவரி 17, வியாழன்

பிரசாரம் முடிந்தது. மத்தியானம் சாப்பிடும்போது, ஜெயித்த பிறகு செய்ய வேண்டியவற்றைக் குருவுக்குச் சொன்னேன். சீனிராஜ் வீட்டுச் சுற்றுச்சுவர் சாக்கடையின் மேல் ஓரடி ஏறி நிற்கிறது, அதை இடிக்க வேண்டும். அவன் வீட்டில் இரண்டு தண்ணீர்க் குழாய் இருக்கிறது, ஒன்றுக்குத்தான் அனுமதி. இரண்டையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக மனுப் போடச் சொல்ல வேண்டும். தண்ணீர் மோட்டார் பராமரிப்பு மறுபடி என் கைக்கு வர வேண்டும்.

குருவு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "அவன் பிள்ளைகளும் அந்தக் கொழாய்லதான தண்ணி குடிக்குது?" என்றாள்.

"கொடத்துல தூக்கிக் குடிக்கட்டும்."

அப்பளம் வைக்க மறந்துவிட்டாள்.

பிப்ரவரி 19, சனி

ஓட்டு முடிந்தது. நானும் குருவும் காலையிலேயே சேர்ந்து போனோம். எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டுதான். மகள் பூரணியைக் கட்டிக்கொடுத்தது ராஜபாளையத்தில். நான் உள்ளே போய் அமுக்கிவிட்டு உடனே வந்துவிட்டேன். குருவு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் வெகுநேரம் நின்றாள். மெசின் சத்தமே கேட்கவில்லை. "அமுக்கத் தெரியலையாம்மா?" என்று பூத்தில் இருந்த தலைமை அலுவலர் கேட்டார். அதன் பிறகுதான் சத்தம் வந்தது. பாவம், அவளுக்கு இந்த மெசின் என்றால் எப்போதும் தடுமாற்றம்தான்.

அந்தத் தலைமை அலுவலர் ஜெசிந்தா என்று ஒரு டீச்சர். வெளியூர். முந்தின நாளிலிருந்து பூத்திலேயே கிடக்கிறாராம், கண் சிவந்திருந்தது.

சாயங்காலம் என் பூத் ஏஜெண்ட் பால்வண்ணன், ஆட்டோ ஓட்டுகிறவன், டீச்சர் கொடுத்த ஓட்டுக் கணக்கு நகலைக் கொண்டுவந்தான். பதிவான மொத்த ஓட்டு 641 என்று எழுதியிருந்தது.

"அண்ணே, கடைசியா ஓட்டுப் போட்ட ஆளுக்கு அறுநூத்திப் பதினாலுன்னு நான் குறிச்சிருக்கேன். டீச்சர் நம்பரத் திருப்பிப் போட்டுட்டாகளோ?"

"விடு. எண்ணுற அன்னைக்குத் தெரிஞ்சிட்டுப் போகுது" என்றேன். யார் ஜெயிப்பார் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

பிப்ரவரி 22, செவ்வாய்

எழுதிவிட வேண்டும்.

மேல்நிலைப் பள்ளியில் எண்ணிக்கை. எங்கள் வார்டுக்கு ஒரே மெசின். மேஜையில் வைத்துச் சீலைக் காட்டினார்கள். சீல் அப்படியே இருந்தது. பால்வண்ணன் போட்ட கையெழுத்தும் இருந்தது. பட்டனை அமுக்கினார்கள். முதலில் மொத்தம் வந்தது: 614. வேலுச்சாமி 19. நான் 297. சீனிராஜ் 298.

ஒன்றரை நிமிடம் ஆகியிருக்காது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுபடி அமுக்கச் சொன்னேன். அதே எண். மறுபடியும்.

"எத்தன தடவ அமுக்குனாலும் அதான் வரும்ங்க" என்றார் தேர்தல் அலுவலர்.

"அதான் சந்தேகமா இருக்கு" என்றேன்.

அப்போதுதான் நகல் நினைவுக்கு வந்தது. எடுத்து மேஜையில் போட்டேன். "இதுல 641. மெசின்ல 614. மிச்சம் இருபத்தேழு ஓட்டு எங்கெ?"

அலுவலர் அசல் படிவத்தை எடுத்தார், வாக்காளர் பதிவேட்டை எடுத்தார். இரண்டிலும் 614. "நகல் எழுதும்போது கை தவறியிருக்கு. பதிவேட்டுல கையெழுத்துப் போட்டவங்க 614 பேர்தான். நீங்களே எண்ணிப் பாருங்க" என்றார். நான் எண்ணவில்லை.

சீனிராஜ் வந்து கையை நீட்டினான். "மச்சான்." நான் சுவரைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது குருவு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"எத்தனையில?"

"ஒண்ணு. ஒரே ஒரு ஓட்டு."

நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் தோல்விக்காக அவள் இவ்வளவு வருத்தப்படுவாள் என்று நான் நினைத்ததில்லை.

பிப்ரவரி 23

கடை திறக்கவில்லை.

பிப்ரவரி 25, வெள்ளி

அழுதுகொண்டிருப்பதில் அர்த்தமில்லை. கையில் ஆயுதம் இருக்கிறது. டீச்சர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட 641.

பால்வண்ணனைக் கூப்பிட்டு அவன் குறித்து வைத்திருந்த தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். என்னிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும்.

"அறுநூத்திப் பதினாலுன்னு எங்கயும் வாயத் தொறக்காத."

"அண்ணே, நெசம் அதான?"

"நெசத்தக் கோர்ட்டு சொல்லட்டும். ஒனக்கென்ன அவசரம்?"

மத்தியானம் பஸ் நிலையத்தில் மறியல். அறுபது பேர் வந்தார்கள். அதில் பாதிப்பேர் மற்ற வார்டுகளில் தோற்றவர்களும் அவர்கள் ஆட்களும். நான் பேசினேன். "நான் கரண்டு வேல பாக்குறவன். மெசினப் பத்தி எனக்குச் சொல்லிக்குடுக்க வேண்டாம். ஒரு மோட்டாருக்குள்ள என்ன கம்பி இருக்குன்னு மூடியத் தொறந்தாத் தெரியும். இந்தப் பெட்டிய யாராவது தொறந்து காட்டுனாகளா?"

கைதட்டினார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். சுப்புத்தாய். சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவள். கம்பி என்றதும் சிரிக்கிறாள்.

இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் பேர் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதலில் சீனிராஜ், அடுத்து ஜெசிந்தா டீச்சர், மூன்றாவது சுப்புத்தாய்.

மார்ச் 4, வெள்ளி

'27 ஓட்டு எங்கே?' என்று சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. பேப்பரில் என் படம் வந்திருக்கிறது. டீக்கடையில் ஒருவர், போன சட்டசபைத் தேர்தலில்கூட எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒரே விளக்குத்தான் எரிந்ததாம் என்று சொல்கிறார். அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, மகன் வீட்டில் இருந்தார். எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. நெருப்பு பிடிக்கும்போது எந்த விறகு என்று பார்க்கிற வழக்கமில்லை.

மார்ச் 10, வியாழன்

ஜெசிந்தா டீச்சரை விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள். முதல் விக்கெட். கடைசிப் பக்கத்தில் அந்தப் பேரில் ஒரு டிக் போட்டேன்.

இன்று இரண்டு நீர்மூழ்கி மோட்டார் கட்டி முடித்தேன். இரண்டும் செம்பு. இப்போதெல்லாம் செம்பு மட்டும்தான்.

மார்ச் 16, புதன்

டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். காலை பதினொரு மணி, நல்ல வெயில். குடைகூட இல்லை. நான் கடையிலிருந்து வந்தபோது குருவு அவருக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஒண்ண முன்னாடி போடுறதுக்கு நால முன்னாடி போட்டுட்டேன். ஏழு நகல் எழுதுனேன். ஆறுல சரியா இருக்கு. ஒங்க ஏஜெண்ட்டுக்குக் குடுத்த ஒண்ணுலதான் தப்பு. நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தீங்கன்னா விசாரணைய முடிச்சிருவாங்க."

"என்னன்னு எழுதிக் குடுக்கணும்?"

"தவறுதலா நடந்ததுன்னு நம்புறேன்னு."

"நான் நம்பலையே டீச்சர்."

அவர் என்னைப் பார்த்தார். "எங்க ஊருல பிள்ளைங்க என்னைய அறுநூத்தி நாப்பத்தொண்ணுன்னு கூப்பிடுதுங்க சார். கணக்கு டீச்சர் நானு."

எனக்கும் ஒரு பேர் வைத்தார்கள், அலுமினியம் என்று. அப்போது யார் எனக்கு எழுதிக்கொடுத்தார்கள்? இதை அவரிடம் சொல்லவில்லை. "கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். குருவு அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டு வந்தாள். முழங்கால் வலி என்ன ஆனது என்று கேட்டேன். மோர் தம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

மார்ச் 29, செவ்வாய்

மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வக்கீல் சங்கரபாண்டியனைப் பார்த்தேன். பூட்டுக்குப் போட்டேன் என்று வார்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருந்தார். நாலே நாளில் 341 கையெழுத்து. பெருமையாக மேஜையில் வைத்தேன்.

வக்கீல் எண்ணிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மெசின்ல ஒங்களுக்கு எவ்வளவு?"

"இருநூத்தித் தொண்ணூத்தி ஏழு."

"காணாமப் போன இருபத்தேழும் ஒங்களுக்கேன்னு வச்சுக்கிட்டாக்கூட முந்நூத்தி இருபத்தி நாலுதான் வருது. முந்நூத்தி நாப்பத்தொரு பேர் எப்பிடிக் கையெழுத்துப் போட்டாக?"

நான் தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன்.

"இதக் கட்டி உள்ள வைங்க. நகல் ஒண்ணு போதும் நமக்கு" என்றார்.

பதினேழு பேராவது பொய்யர்கள். யார் அந்தப் பதினேழு? பஸ்ஸில் வரும்போதெல்லாம் கையெழுத்துகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாக் கையெழுத்தும் ஒரே மாதிரி நல்லபிள்ளையாக இருக்கிறது. சுப்புத்தாய் இரண்டு இடத்தில் போட்டிருக்கிறாள்.

என் பக்கத்து ஆட்களில் கையெழுத்துப் போடாதது ஒரே ஆள்தான். குருவம்மாள். வீட்டு ஆள்தானே என்று கேட்காமல் விட்டிருப்பேன்.

ஏப்ரல் 12

சுப்புத்தாயின் அரவை மில் மோட்டார் எரிந்துபோய்க் கொண்டுவந்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன். ராஜபாளையத்துக்குக் கொண்டுபோகட்டும்.

ஏப்ரல் 13

குருவு காலையில் மாவு அரைக்கப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்து போனாள். மில் ஓடவில்லையாம்.

மே 8, ஞாயிறு

சீனிராஜ் வந்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு என் வீட்டு வாசலில். உள்ளே வரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினான்.

"மச்சான், என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க. அந்த டீச்சர விட்டுருங்க. ஒங்களுக்கும் எனக்கும் நடுவுல அந்தம்மா என்ன பண்ணுச்சு?"

"ஓட்டத் திருடுச்சு."

"கூட்டத்துல நான் அப்பிடிப் பேசிருக்கக் கூடாது. தனியா வந்து ஒங்ககிட்டக் கேட்டிருக்கணும். தப்புதான்."

"அலுமினியக் கம்பின்னு ஒனக்கு எவன் சொன்னான்? அந்தப் பேர மட்டும் சொல்லு. கேச வாபஸ் வாங்குறேன்."

உண்மையாகத்தான் கேட்டேன். அந்தப் பேர் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் விட்டுவிடுவேன். மோட்டார் மூடியை நான்தான் மூடினேன். என் பட்டறையில் வேறு ஆள் கிடையாது. அந்த வாரம் செம்புக் கம்பி வரவில்லை, தெருவில் தண்ணீர் இல்லை என்று பேரூராட்சியிலிருந்து மணிக்கொரு தரம் போன். வேறு வழியில்லாமல் செய்தேன். இரண்டு மாதத்தில் மாற்றிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் எரிந்துபோய்விட்டது. எரிந்த மோட்டாரை எவனோ திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறான்.

சீனிராஜ் என்னைத் தாண்டி வீட்டுக்குள் ஒரு தரம் பார்த்தான். "எனக்கு யாரும் சொல்லல மச்சான்" என்றுவிட்டுப் போய்விட்டான்.

அடுப்படியில் ஒரு தம்ளர் விழுந்து உருண்டது.

ஜூன் 20

கோர்ட்டில் அடுத்த தேதி. வக்கீலுக்குக் காய்ச்சல். ஒன்றும் நடக்கவில்லை.

ஜூலை 14, வியாழன்

வக்கீல் புதிதாக ஒன்று சொல்கிறார். நீதிபதி நகலை மட்டும் வைத்து ஒன்றும் செய்யமாட்டார், மெசினையும் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லுவார். அதற்கு முன் வார்டுக்காரர்கள் நாலைந்து பேர் கூண்டில் ஏறிப் 'பூட்டுக்குத்தான் போட்டோம்' என்று சத்தியம் செய்தால் கொஞ்சம் பலம். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரிடமும் கேட்டேன். சத்தியம் என்றதும் ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குக் கண் ஆபரேஷன். சுப்புத்தாய் திருச்செந்தூருக்கு நேர்ச்சைக்குப் போகிறாளாம்.

சரி. வீட்டில் ஆள் இருக்கிறது.

குருவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சாமி படம் மேல கைய வச்சுச் சொல்லச் சொல்லுவாகளா?"

"சத்தியம்தான். கைய வைக்கிறதெல்லாம் சினிமாவுல. நெசத்தச் சொன்னாப் போதும்."

"நெசத்தத்தான் சொல்லணும்னா என்னையக் கூப்புடாதீக."

கத்தியும் வெங்காயமும் அவள் மடியில் இருந்தன. நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 15

மழை.

ஜூலை 16

மழை. கடை திறந்தேன். ஒரு மின்விசிறி வந்தது.

ஜூலை 18, திங்கள்

கேட்டுவிட்டேன். காலையில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்குப் போட்ட?"

"தம்பிக்கு."

இவ்வளவுதான். உதறிய துணியைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். அவளே பேசினாள்.

"கொழாயப் பிடுங்குறேன்னீக. செவர இடிக்கிறேன்னீக. மோட்டார் மறுபடி ஒங்க கைக்கு வரணும்னீக. அந்த மோட்டார் எரிஞ்சு ஒம்பது நாளு தண்ணி இல்லாம இந்தத் தெரு கெடந்துச்சே, ஞாபகமிருக்கா? வேலுச்சாமி அண்ணன் பொண்டாட்டி கெணத்துல எறங்கி வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சா. இன்னும் எந்திரிக்கல. நீங்க போய்ப் பாக்கக்கூட இல்ல. நான் போனேன்."

"அதுக்காக?"

"அலுமினியம்னு சொன்னதும் நான்தாங்க."

அப்படித்தான் சொன்னாள். பட்டறையில் நான் கம்பி சுற்றியதைப் பார்த்தாளாம். ஒன்பதாம் நாள் தம்பியிடம் போய்ச் சொன்னாளாம். கூட்டத்தில் பேசுவான் என்று தெரியாதாம்.

இருபத்தெட்டு வருடம். இரண்டு வருடமாக ஊரில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து அந்தப் பேரைத் தேடிக்கொண்டிருந்தேன். அது என் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

ஜூலை 19

கடைசிப் பக்கத்தில் அவள் பேரை எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன்.

ஜூலை 27, புதன்

வக்கீல் கேட்டார், "வாபஸ் வாங்கிருவமா?" என்று. வாங்கினால் டீச்சர் தப்பிப்பார். சீனிராஜ் கவுன்சிலராகவே இருப்பான். குருவு செய்தது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். ஊருக்கு நல்லவளாகவே இருப்பாள்.

"வேண்டாம். என் பொண்டாட்டியச் சாட்சியாப் போடுங்க" என்றேன்.

வக்கீலுக்கு விஷயம் தெரியாது. சந்தோஷப்பட்டார்.

ஆகஸ்ட் 10

சம்மன் வந்தது. குருவிடம் கொடுத்தபோது வாங்கிப் படித்தாள். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "வர்றேன்" என்றாள். கெஞ்சுவாள் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 6, செவ்வாய்

கோர்ட்டுக்கு வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். வார்டிலிருந்து முப்பது பேர். அவர்கள் முன்னால்தான் நடக்க வேண்டும் என்று இருந்தேன். சத்தியம் செய்ய முடியாது என்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள், திருச்செந்தூர் போன சுப்புத்தாய் உட்பட.

குருவு நீலக் கண்டாங்கிச் சேலை கட்டியிருந்தாள். கூண்டில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வக்கீல் கேட்டார், "நீங்க யாருக்கு ஓட்டுப் போட்டீங்கம்மா?"

நீதிபதி குறுக்கிட்டார். "அம்மா, யாருக்குப் போட்டீங்கன்னு சொல்ல வேண்டிய கட்டாயம் ஒங்களுக்குக் கெடையாது. அது ஒங்க ரகசியம். வேண்டாம்னா சொல்லாம இருக்கலாம்."

இது எனக்குத் தெரியாது. வக்கீலும் சொல்லவில்லை. சொல்லாமல் இறங்கிவிடுவாளோ என்று பயந்தேன். உண்மையை எழுதுவதென்றால், அப்படி இறங்கிவிட மாட்டாளா என்றும் ஒரு பக்கம் இருந்தது.

"சொல்லிர்றேங்கய்யா" என்றாள். "நான் என் தம்பிக்குத்தான் போட்டேன். இவுகளுக்குப் போடல. ஒரு ஓட்டுலதான் இவுக தோத்தாக. அது என் ஓட்டுத்தான். மெசினு சரியா எண்ணிருக்கு. டீச்சர் மேல ஒரு தப்பும் இல்ல."

சங்கரபாண்டியன் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பால்வண்ணன், யாரும் கூப்பிடாமலே, பின்வரிசையில் எழுந்து நின்று, "ஐயா, கடைசி நம்பர் அறுநூத்திப் பதினாலுதான். நானும் குறிச்சேன்" என்றான். அவனை உட்காரச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் பெண்கள் குருவைச் சூழ்ந்துகொண்டார்கள். "தாலி கட்டுனவனுக்கே போடாதவ" என்றாள் சுப்புத்தாய், எல்லோருக்கும் கேட்கும்படி. யாரோ காறித் துப்பினார்கள். நான் வேனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்காகத்தான் வேன் பிடித்தேன். நினைத்தது நினைத்தபடியே நடந்தது.

ஜெசிந்தா டீச்சர் வராந்தாவில் இருந்தார். கூட்டத்துக்குள் நுழைந்து குருவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பஸ் ஏற்றிவிட்டார். ராஜபாளையம் பஸ். என்னைத் தாண்டிப் போகும்போது, டீச்சர் நின்று ஒன்று சொன்னார்: "இந்தம்மாவுக்கு இருக்கிற தைரியத்துல கால்வாசி ஒங்களுக்கு இருந்திருந்தா நான் ஆறு மாசம் வீட்டுல ஒக்காந்திருக்க மாட்டேன் சார்."

திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். "நாங்க எல்லாரும் ஒங்களுக்குத்தான் போட்டோம் அண்ணாச்சி."

அக்டோபர் 11

வழக்குத் தள்ளுபடி. பதிவேட்டையும் மெசினையும் நீதிபதியே வரவழைத்துப் பார்த்தார். 614. டீச்சரை வேலையில் சேர்த்துவிட்டார்கள், ஆனால் அறுபது கிலோமீட்டர் தள்ளி வேறு பள்ளிக்கூடத்தில்.

'27 ஓட்டு எங்கே' சுவரொட்டி இன்னும் பஸ் நிலையத்தில் இருக்கிறது. தீர்ப்பு வந்த பிறகும் டீக்கடையில் அதைத்தான் பேசுகிறார்கள். கோர்ட்டையும் விலைக்கு வாங்கிவிட்டார்களாம். நான், "இல்லப்பா, அது நகல் பிழைதான்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. "ஒங்க வாய அடைச்சிட்டாகளா அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள்.

அக்டோபர் 19, புதன்

சீனிராஜ் ராஜினாமா செய்துவிட்டான். அக்காளைச் சந்தியில் நிறுத்திய பதவி தனக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தானாம். கடைசிப் பக்கத்தில் அவன் பேரில் டிக் போட்டேன். பேனா அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது.

ஒன்றரை மாதமாக ஓட்டலில்தான் சாப்பாடு. பூரணி போனை எடுப்பதில்லை.

நவம்பர் 23, புதன்

இடைத்தேர்தலுக்கு மனுப் போட்டேன். போடாமல் இருக்கலாம் என்றும் நினைத்தேன். ஊரே வந்து நின்றது. "ஒங்களுக்கு அநியாயம் நடந்துபோச்சு, நீங்கதான் நிக்கணும்" என்று.

நவம்பர் 28, திங்கள்

வாபஸ் வாங்க இன்று கடைசி நாள். மூன்று மணிக்குத் தேர்தல் அலுவலர் என்னைக் கூப்பிட்டார். வேறு யாரும் மனுவே போடவில்லை. வேலுச்சாமிகூட இல்லை, பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ளவே அவருக்கு நேரமில்லை.

"போட்டியில்லாமத் தேர்வாயிட்டீங்க. வாழ்த்துக்கள்" என்று சான்றிதழை நீட்டினார்.

"அப்ப ஓட்டு?"

"போட்டி இல்லன்னா ஓட்டு எதுக்குங்க? மெசினே வராது."

வாசலில் வெடி போட்டார்கள். மாலை போட்டார்கள். சுப்புத்தாய் ஆரத்தி எடுத்தாள். ஓட்டு நடந்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் எனக்குப் போட்டிருப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லா முகமும் சிரித்தது. இனி அதைத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பூரணிக்குப் போன் செய்தேன். எடுத்தது குருவு.

"ஜெயிச்சிட்டேன்" என்றேன்.

"கேள்விப்பட்டேன். சந்தோசம்."

"ஓட்டு நடக்கல. எதுத்து யாரும் நிக்கல."

"ம்."

அவள் பின்னால் பேரப்பிள்ளை ஏதோ கேட்டு அழுதுகொண்டிருந்தது. நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

"குருவு, ஓட்டு நடந்திருந்தா எனக்குப் போட்டிருப்பியா?"

யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வேண்டிய நேரம் இருந்தது. நான்கூடப் போதுமான நேரம் கொடுத்தேன்.

"போட்டிருக்க மாட்டேங்க" என்றாள்.

இந்த வார்டில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஓட்டு அது ஒன்றுதான்.